மலையும் மொழியும் – 9: காஞ்சியிலிருந்து ஏறிய மூன்று அண்ணன்மார்

சென்ற இதழில் லாவோஸ் மலைகளில் க்மூ மக்களோடு இருந்தோம். மனிதரெல்லாம் ஒரே சுரைக்காயிலிருந்து வெளிவந்தார்கள் என்பது அந்நாட்டில் மலைக்காரரும் சமவெளிக்காரரும் சேர்ந்தே சொல்லும் கதை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போட்ட ஓட்டையில் நுழைந்து முதலில் வந்தவர்கள் க்மூ. கரி ஒட்டி அவர்கள் மேனி கறுத்துவிட்டதாம். பிறகு உளியால் செதுக்கிய வழியில் வந்தவர்கள் லாவோ. ஆக, மலைக்காரன் மூத்தவன், சமவெளிக்காரன் இளையவன். ராஜ்யம் இளையவன் கைக்குப் போய்விட்டாலும், லுவாங் பிரபாங் அரசர்கள் தங்கள் சடங்குகளில் க்மூ மக்களை மண்ணின் முதல் சொந்தக்காரர்களாக மதித்து ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இந்த இதழில் வீட்டுக்கு அருகில் வந்துவிடுகிறோம். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு. இங்கும் அண்ணன் தம்பிக் கதைதான். ஆனால் போக்கு நேர்மாறு. லாவோஸில் மலைக்காரன் ஆதியிலிருந்தே அங்கிருப்பவன். சேர்வராயன் மலைக்காரர்களோ, தாங்கள் கீழேயிருந்து வந்தவர்கள் என்று தாங்களே சொல்கிறார்கள்.

மலையாளிகள் என்பது அவர்கள் பெயர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலையை ஆள்பவர்கள், தாய்மொழி தமிழ், பட்டப்பெயர் கவுண்டர். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், தலைச்சோலை, வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை என்று மலை முழுக்க அவர்களுடைய ஊர்கள். ஏரியையும் படகையும் ஒண்டிக்கடை ரவுண்டானாவையும் பார்த்துவிட்டு இறங்கிவிடும் சுற்றுலாக்காரர் கண்ணில் இந்த ஊர்கள் படுவதில்லை. தமிழ்நாட்டின் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்கள்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு மேல். மாநிலத்துப் பழங்குடியினர் மொத்தம் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்பதை வைத்துப் பார்த்தால் பாதியை நெருங்கும் பங்கு. சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றொன்று கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம். இரண்டும் மலையாளிகளின் மண்.

அவர்கள் கதைக்கு வருவோம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் அது பதிவாகியிருக்கிறது. மலையாளிகளின் முன்னோர் காஞ்சிபுரத்து வேளாளர். காரைக்காட்டு வேளாளர் என்கிறது ஒரு வடிவம். ஏறக்குறைய பத்துத் தலைமுறைக்கு முன், தெற்கே முஸ்லிம் படைகளின் ஆதிக்கம் ஓங்கியிருந்தபோது, காஞ்சியை விட்டுக் கிளம்பினார்கள். இன்னொரு வடிவத்தில் முதலில் கிளம்பியது மனிதர்கள் இல்லை, சாமி. கரிராமன் என்ற தெய்வத்துக்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை. புதிய இடம் தேடிப் புறப்பட்ட அந்தத் தெய்வத்தைத் தொடர்ந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவரும் குடும்பத்தோடு நடந்தார்கள். வழியில் பிரிந்தார்கள். மூத்தவர் சேர்வராயன் மலையேறினார். மற்ற இருவரில் ஒருவருக்குக் கொல்லிமலை, ஒருவருக்குப் பச்சைமலை. இதனால்தான் சேர்வராயன் மலைக்காரர்கள் பெரிய மலையாளிகள். கரிராமன் கல்வராயன் மலையில் போய் அமர்ந்தார். அந்த மலையில் கரியகோயில் என்று ஊரும் ஆறும் அணையும் இன்றைக்கும் இருக்கின்றன.

கதைதானே என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தர்ஸ்டன் காலத்திலிருந்து பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் பதினேழாம் நூற்றாண்டில் போய் நிற்போம். காஞ்சி வட்டாரம் நிம்மதியின்றித் தவித்த நூற்றாண்டு அது. 1565இல் தலைக்கோட்டையில் விஜயநகரம் வீழ்ந்த பிறகு பிஜப்பூர், கோல்கொண்டா படைகள் படிப்படியாகத் தெற்கே இறங்கின. 1649இல் செஞ்சி பிஜப்பூர் வசமானது. பிறகு மராட்டியர், பிறகு மொகலாயர். 1688இல் மொகலாயப் படைக்கு அஞ்சிக் காஞ்சி வரதராஜர் திருமேனியையே உடையார்பாளையம் காட்டுக்குக் கொண்டுபோய் மறைத்தார்கள். 1710இல்தான் பெருமாள் ஊர் திரும்பினார். அந்தத் திரும்புதலுக்குக் கோயிலிலேயே கல்வெட்டுச் சான்று உண்டு. சாமியே ஊரை விட்டுப் போன காலத்தில் சாமியோடு குடியானவர்களும் போனார்கள் என்ற நினைவு மலையில் தங்கியிருப்பதில் வியப்பென்ன? உடையார்பாளையத்துக்கும் பச்சைமலைக்கும் தூரம் அதிகமில்லை என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே நிகழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே அச்சத்தின் இரண்டு பதிவுகள் என்று சொல்வேன்.

இந்த இடத்தில்தான் தென்கிழக்காசியா நமக்கு வெளிச்சம் காட்டுகிறது.

வியட்நாமின் மேட்டுநிலம் தொடங்கி லாவோஸ், தாய்லாந்து, பர்மா, தென்சீனம் வழியாக இந்தியாவின் வடகிழக்கு வரை நீளும் மலைப்பரப்புக்கு 2002இல் வில்லெம் வான் ஸ்கெண்டல் என்ற டச்சு அறிஞர் ஸோமியா என்று பெயரிட்டார். 2009இல் ஜேம்ஸ் ஸ்காட் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய வாதத்தைக் கட்டினார். மலைவாசிகள் நாகரிகம் எட்டாமல் பின்தங்கிப்போனவர்கள் என்ற எண்ணம் பிழை. அவர்களில் பெரும்பாலோர் சமவெளி அரசுகளின் வரிக்கும் ஊழியத்துக்கும் அடிமைப் பிடிப்புக்கும் போருக்கும் தப்பி மேலே ஓடியவர்களின் வாரிசுகள் என்றார். மலையேறியது அவர்கள் தெரிந்தெடுத்த அரசியல். மானாவாரிக் கிழங்கும் தினையும், இடம் மாறிச் செய்யும் காட்டு வேளாண்மையும், எழுத்தில் சிக்காத வாய்மொழி வரலாறும் எல்லாம் அரசின் கைக்கு எட்டாமல் இருக்கும் உத்திகள்.

இந்த வாதத்தோடு சண்டை போட்டவர்கள் நிறைய. பர்மா, லாவோஸ் குடிகள் எல்லாமே ஓடி வந்தவர்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஸ்காட் தேடிய ஆள், தன் வாயாலேயே நான் ஓடிவந்தவன் என்று சொல்பவன், நம் சேலத்துப் பக்கத்து மலையில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்காட்டின் வரைபடம் இவ்வளவு தெற்கே வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

வந்தவர்கள் ஏறிய மலை ஆளில்லா மலையா? இல்லை. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்துப் பட்டை தீட்டிய கற்கோடரிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. மரத்தடிக் கோயில்களில் மலையாளிகள் அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிட்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கண்டு குறித்தார்கள். ஆக, பெரியண்ணனுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே இங்கே ஆள் இருந்தது. அவர்கள் எங்கே போனார்கள்?

விடை கதைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பது என் கணிப்பு. வந்த இடத்தில் அண்ணன்மார் பெண் எடுத்தார்கள் என்கிறது தர்ஸ்டன் பதிவு செய்த ஒரு வடிவம். ஒருவர் கைக்கோளர் வீட்டிலும் ஒருவர் வேடர் வீட்டிலும் எடுத்தார்களாம். இதைத் தூய்மை கெட்ட கதையாகச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது வரலாற்றின் ஒப்புதல் வாக்குமூலமாகப் படுகிறது. அப்பா வழி காஞ்சி, அம்மா வழி மலை. குலப்பெருமை பேசும்போது காஞ்சி முன்னே வரும். காட்டில் எந்தக் கிழங்கு உணவு, எந்த வேர் மருந்து, எந்தப் பாறையில் தேன் என்ற அறிவு வேளாளர் கழனியிலிருந்து வந்திருக்க முடியாது. அது தாய் கொடுத்தது.

தெய்வங்களிலும் இந்த இரண்டு அடுக்கு தெரிகிறது. நாமம் இடும் பெருமாள் பக்தி ஒரு பக்கம். மலையுச்சிக் குகையில் காவேரி அம்மனோடு இருக்கும் சேர்வராயன் மறுபக்கம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுமலைகளிலிருந்தெல்லாம் ஜனம் திரள்வது இந்தச் சேர்வராயனிடம்தான். அவர் காஞ்சியிலிருந்து வந்தவராக யாரும் சொல்வதில்லை.

இனி மொழி. இந்தத் தொடரின் அடிப்படைக் கேள்வியே அதுதான்: மலை ஏறினால் மொழி மாறுமா?

மலேசியாவின் கேமரன் மலையைப் பாருங்கள். அதுவும் ஏற்காடு போலவே வெள்ளைக்காரர்கள் கண்டெடுத்துக் குளிர்வாசத்தலமாக்கிய இடம். 1885இல் வில்லியம் கேமரன் அளந்தார். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்கத் தமிழர்கள் போனார்கள். அந்த மலையின் பழங்குடிகள் செமாய் மக்கள். அவர்களுடைய மொழிக்கும் மலாய்க்கும் குடும்ப உறவே கிடையாது. ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த செமாய்க்கு உறவுக்காரர்களைத் தேடினால் கம்போடியாவின் கெமர், வியட்நாமியம், நாம் சென்ற இதழில் பார்த்த க்மூ, மேகாலயத்துக் காசி, ஜார்க்கண்டின் முண்டாரி, நிக்கோபார் மொழி என்று வங்கக் கடலைச் சுற்றிச் சிதறிக் கிடப்பார்கள். கேமரன் மலையில் ஏறினால் மொழிக் குடும்பமே மாறிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைப் பிடிப்பவர்கள் கீழேயிருந்து ஏறி வந்து செமாய்க் குழந்தைகளைக் கவர்ந்து போனார்கள். கீழே இறங்கிப் பழக அவர்களுக்கு என்ன ஆசை இருந்திருக்கும்?

சேர்வராயன் மலையில் அப்படி இல்லை. கீழேயும் தமிழ், மேலேயும் தமிழ். வட்டார வேறுபாடு உண்டு, அதை மொழியியலாளர்கள் கவனித்தும் இருக்கிறார்கள். கொல்லிமலைத் தமிழைப் பற்றி கி. கருணாகரன் எழுதிய ஆய்வை 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆனால் சேலத்துக்காரர் ஒருவர் செம்மநத்தத்தில் நின்று பேசினால் மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை.

முந்நூறு ஆண்டு ஒரு மொழி கிளைக்கப் போதாத காலம் என்று சிலர் சொல்லலாம். நீலகிரிப் படகர்கள் அதற்கு எதிர்ச்சாட்சி. அவர்களும் கீழேயிருந்து, மைசூர்ப் பக்கத்திலிருந்து ஏறியவர்கள். விஜயநகர வீழ்ச்சிக்குப் பிந்தைய குழப்பத்தையே அவர்கள் மரபும் காரணமாகச் சொல்கிறது. கன்னடத்தின் உறவான அவர்கள் பேச்சு இன்று தனித்து நிற்கிறது. கன்னடக்காரர் காதுக்கு அது எளிதில் பிடிபடாது. காலம் கிட்டத்தட்ட ஒன்று, காரணம் ஒன்று, விளைவு மட்டும் வேறு.

வேறுபாடு மலையின் உயரத்தில் இல்லை, மலையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதில் இருக்கிறது. படகர்கள் கன்னட நாட்டை விட்டு விலகி வந்து தோடர், கோத்தர், குறும்பர் நடுவே அமர்ந்தார்கள். ஒவ்வொரு குடிக்கும் ஒரு மொழி, ஒவ்வொரு குடிக்கும் ஒரு தொழில். அங்கே தனி மொழி என்பது தனி இடத்தின் அடையாளம். சேர்வராயன் மலையோ தமிழ்ச் சமவெளிக்கு நடுவில் நிற்கும் தீவு. கல்வராயன், சித்தேரி, பச்சைமலை, கொல்லிமலை, போதமலை, ஜவ்வாது எல்லாமே அப்படித்தான். எந்தப் பக்கம் இறங்கினாலும் தமிழ் ஊர். ஓமலூர்ப் பக்கம் இறங்கலாம், வாழப்பாடிப் பக்கம் இறங்கலாம், மஞ்சவாடிக் கணவாய் வழியே அரூர்ப் பக்கம் போகலாம். உப்பும் துணியும் இரும்பும் கீழே இருந்தன. தேனும் கடுக்காயும் பலாவும் மேலே இருந்தன. காலையில் இறங்கிச் சந்தை பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் ஊர் ஏறிவிடும் தூரம்தான். வாரம் ஒருமுறை பேரம் பேசுகிற மொழியை மறக்க முடியாது.

அதனால் மலையாளிகளிடையே வேறுபாடுகள் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவை மொழியில் விழாமல் வேறு இடங்களில் விழுந்தன. சேர்வராயன் மலைக்குள்ளேயே சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகள். நாட்டுக்கும் ஊருக்கும் தனித்தனித் தலைவர்கள். பட்டக்காரர், மூப்பன், ஊர்க்கவுண்டர் என்ற பட்டங்கள். பெரிய மலையாளி, கொல்லி மலையாளி, பச்சை மலையாளி என்ற பிரிவுகளுக்கிடையே திருமண வழக்கும் பச்சை குத்தும் வழக்கும் மாறின. மாடு ஏறாத சரிவில் மண்வெட்டியால் கொத்தி விதைத்தால் கொத்துக்காடு, ஏர் ஓடினால் உழவுக்காடு. ஸ்காட் சொன்ன இடம்மாறும் வேளாண்மையும் காஞ்சி வேளாளரின் ஏரும் ஒரே குடும்பத்தின் நிலத்தில் அடுத்தடுத்து இருந்தன.

எட்மண்ட் லீச் 1954இல் பர்மாவின் கச்சின் மலையைப் பற்றி எழுதியபோது, கச்சின்காரன் பள்ளத்தாக்குக்கு இறங்கி நெல் பயிரிட்டுப் பௌத்தனாகி ஷான் ஆகிவிடுவதைக் காட்டினார். இனம் என்பது பிறவி முத்திரை என்று நம்பிக்கொண்டிருந்த மானிடவியலுக்கு அது அதிர்ச்சி. சேலம் மாவட்ட ஆவணங்களை வைத்துக்கொண்டு அதே புத்தகத்தைத் திருப்பி எழுதலாம்: நெல் வேளாளன் மலையேறிச் சாமை விதைத்து மலையாளி ஆன கதை.

இனி வெள்ளைக்காரர் வருகை. 1792இல் திப்பு சுல்தான் ஒப்படைத்த நிலத்தோடு இந்த மலைகளும் கம்பெனி கைக்கு வந்தன. ஏற்காட்டை 1842இல் சர் தாமஸ் மன்றோ ஆய்ந்தார் என்று சுற்றுலாக் கையேடுகளில் ஒரு வரி விடாமல் வந்துகொண்டிருக்கிறது. மன்றோ 1827லேயே காலரா கண்டு பத்திக்கொண்டாவில் இறந்துவிட்டார். அந்த வரியை இனியாவது எடுத்துவிடலாம். காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன். தோட்டங்கள் பெருகின. ஆங்கிலத் துரைமார், சமவெளியிலிருந்து ஏறிய கூலித் தொழிலாளர், கணக்குப்பிள்ளைகள், பிற்பாடு கத்தோலிக்கத் துறவியரின் விடுதிப் பள்ளிகள் என்று மொழிகள் மலைக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். 1882 சென்னை வனச்சட்டம் காட்டுக்கு எல்லை போட்டது. கொத்துக்காடு சுருங்கியது. சொந்த மலையிலேயே மலையாளி தோட்டக் கூலிக்குப் போனார். காப்பியின் கதை தனியாக ஓர் இதழுக்குரியது, இங்கே விரிக்கவில்லை.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த இன்னொன்றுதான் நமக்கு முக்கியம். பட்டியல். 1883இல் லெ ஃபனுவின் சேலம் மாவட்டக் கையேடு, 1909இல் தர்ஸ்டன், 1918இல் ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் என்று ஒவ்வொன்றும் மலையாளிகளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று திணறியது. வேளாளர் என்கிறார்கள், காட்டில் வாழ்கிறார்கள். சாதியா, பழங்குடியா?

பட்டியல் போடுவது தென்கிழக்காசிய அரசுகளுக்கும் பழக்கம்தான். வியட்நாம் தன் மக்களை 54 இனங்களாகப் பிரித்திருக்கிறது. லாவோஸ் 50. பர்மா 135. அந்த 135ஐப் பிரித்துப் பார்த்தால் அதன் சூட்சுமம் தெரியும். சின் மக்கள் மட்டும் 53 துண்டு. மோன் ஒரே துண்டு. பல தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழர்களுக்கும் ரோஹிங்கியாக்களுக்கும் அதில் இடமில்லை. எங்கே கோடு கிழிப்பது என்பதை மொழியோ மரபோ தீர்மானிக்கவில்லை, அலுவலகம் தீர்மானித்தது.

நம் பட்டியலும் அப்படித்தான். 1976 திருத்தச் சட்டத்துக்குப் பிந்தைய தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. கோயம்புத்தூர் இல்லை. அப்போது ஈரோடு கோவை மாவட்டத்தோடு இருந்தது; 1979இல்தான் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது. விளைவு, சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடி. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையிலும் சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையிலும் அதே பெயர், அதே மொழி, அதே சாமை விதைத்த மக்கள் பழங்குடி இல்லை. ஒரு குடும்பத்துக்குள்ளேயே பெண் கொடுத்த வீட்டுக்குச் சான்றிதழ் உண்டு, பெண் எடுத்த வீட்டுக்குக் கிடையாது என்ற நிலைகூட வரலாம்.

பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் எந்த மலையில் ஏறுவது என்று முடிவு செய்தபோது மாவட்டக் கோடுகள் இல்லை. இப்போது இருக்கின்றன. தங்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஈரோடு மாவட்டத்து மலையாளிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த இதழில் அந்தியூர் வழியாகப் பர்கூர் ஏறுகிறோம்.